மறையாக்க மின்னஞ்சல்: சாவி யார் கையில்?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பெற்றோர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். குண்டு எதுவும் இல்லை. மிரட்டல் ப்ரோட்டான் மெயில் என்ற சுவிட்சர்லாந்துச் சேவை வழியாக வந்தது என்று தெரிந்ததும், அதை இந்தியாவில் முடக்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல்துறை கேட்டுக்கொண்டது. பிறகு 2025 ஏப்ரல் 29 அன்று, ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களைக் குறிவைத்த ஆபாச மின்னஞ்சல்கள் தொடர்பான வழக்கில், ப்ரோட்டான் மெயிலைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தச் செய்திகளில் எல்லாம் 'என்கிரிப்ஷன்', அதாவது மறையாக்கம், என்ற சொல் அடிபட்டது. அனுப்பியவரைப் பிடிக்க முடியாததற்குக் காரணமே அதுதான் என்ற எண்ணம் படிப்பவருக்கு எளிதில் வந்துவிடும். ஆனால் அந்த மிரட்டல் கடிதத்தைத் தலைமையாசிரியர் படித்தார், காவல்துறை படித்தது. எழுதிய வாசகத்தில் எந்த மறைவும் இல்லை. ப்ரோட்டானிலிருந்து வெளியில் உள்ள ஒரு சாதாரண முகவரிக்குப் போகும் கடிதம், அனுப்புபவர் தனியாக ஏற்பாடு செய்தால் ஒழிய, மற்ற எந்த மின்னஞ்சலையும் போலத்தான் போய்ச் சேர்கிறது. அங்கே மறைந்திருந்தது அனுப்பியவரின் முகம். கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைப்பது வேறு, ஆளை மறைப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கருவியைத் தேர்ந்தெடுக்கப் போனால் தவறான இடத்தில் நம்பிக்கை வைப்போம்.

2021-ல் நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரான்சில் காலநிலைப் போராட்டக்காரர் ஒருவரைப் பற்றிய விசாரணையில், சுவிஸ் அதிகாரிகளின் சட்டபூர்வ உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, அவர் கணக்கைப் பயன்படுத்திய ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ப்ரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை. அதைத் திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடம் இல்லை.

பூட்டு எங்கே இருக்கிறது?

மறையாக்கம் என்றால், படிக்கத் தெரிந்த எழுத்தைச் சாவி இல்லாதவருக்குப் புரியாத எழுத்தாக மாற்றுவது. ஏறக்குறைய எல்லா மின்னஞ்சல் நிறுவனங்களும் 'நாங்கள் மறையாக்கம் செய்கிறோம்' என்கின்றன. அவை சொல்வது பொய் அல்ல. ஆனால் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறார்கள்.

1. வழியில் மட்டும் பூட்டு. ரயில் தபாலில் பையின் வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். வழியில் யாரும் பிரிக்க முடியாது. ஆனால் அடுத்த பிரிப்பு அலுவலகத்தில் பையைத் திறந்துதான் கடிதங்களை அடுக்குவார்கள். டிஎல்எஸ் என்ற தொழில்நுட்பம் செய்வது இதைத்தான். உங்கள் கணினிக்கும் நிறுவனத்தின் சர்வருக்கும் நடுவிலும், ஒரு சர்வருக்கும் மற்றொன்றுக்கும் நடுவிலும் பாதுகாப்பு உண்டு. சர்வருக்குள் போனதும் பை திறந்துவிடுகிறது.

2. கிடங்கில் பூட்டு. சர்வரின் வட்டில் கடிதங்களை மறையாக்கம் செய்தே வைத்திருப்பார்கள். யாராவது வட்டைத் திருடிக்கொண்டு போனால் பயனில்லை. ஆனால் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. அது நினைத்தாலோ, அரசு ஆணை வந்தாலோ, உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவர் துணிந்தாலோ திறக்கலாம்.

3. முனைக்கு முனை மறையாக்கம். உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில்தான் திறக்கும். நடுவில் உள்ள எந்த சர்வரிடமும் சாவி கிடையாது.

ஜிமெயில், அவுட்லுக், சோஹோ மெயில் ஆகியவை வழக்கமான பயன்பாட்டில் முதல் இரண்டு நிலைகளோடு நிற்கின்றன. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர்கள் சோஹோவுக்கு மாறியபோது 'நம்ம ஊர் சேவை, அதனால் பாதுகாப்பு' என்ற பேச்சு பரவலாக எழுந்தது. தரவு எந்த நாட்டில் இருக்கிறது, எந்த நாட்டுச் சட்டம் அதைத் தொடும் என்பவை உண்மையிலேயே முக்கியமான கேள்விகள். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது. சர்வர் சென்னையில் இருந்தாலும் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், சாவி நிறுவனத்திடம் என்றால் அது இரண்டாம் நிலைதான்.

ஜிமெயிலில் 2018 முதல் இருக்கும் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' பலரை ஏமாற்றும் பெயர். அது கடிதத்துக்குக் காலாவதி வைக்கும், ஃபார்வர்ட் செய்வதைத் தடுக்கும். வாசகம் கூகுள் சர்வரில் கூகுள் படிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். பெறுபவர் இன்னொரு போனில் திரையைப் படம் எடுப்பதையும் அது தடுக்காது. வழக்கு ஆவணங்களையோ மருத்துவ அறிக்கையையோ அதை நம்பி அனுப்பக் கூடாது.

இரண்டு சாவிகள்

சாதாரணப் பூட்டில், பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அதை முதலில் கடிதம் பெறுபவருக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது எப்படி என்பதுதான் பழைய சிக்கல். இதைத் தீர்த்தது பொதுச் சாவி முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். அதை வைத்துப் பூட்ட மட்டுமே முடியும். திறப்பது தனிச் சாவி. அது உங்களிடமே இருக்க வேண்டும்.

இதே ஜோடியைத் திருப்பிப் பயன்படுத்தினால் கையொப்பம். தனிச் சாவியால் ஒப்பமிட்டதைப் பொதுச் சாவியை வைத்து எவரும் சரிபார்க்கலாம். கடிதத்தை எழுதியது இந்தச் சாவிக்கு உரியவர்தானா, வழியில் யாரும் ஓர் எழுத்தையாவது மாற்றினார்களா என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் ஃபில் ஸிம்மர்மன் 1991-ல் பிஜிபி என்ற பெயரில் இதைச் சாதாரண மக்களின் கணினிக்குக் கொண்டுவந்தார். அப்போது வலுவான மறையாக்க மென்பொருள் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தில் ஆயுதப் பட்டியலில் இருந்தது. 1993-ல் அவர்மீது குற்றவியல் விசாரணை தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே நிரலை அப்படியே அச்சிட்டுப் புத்தகமாக எம்ஐடி பதிப்பகம் வெளியிட்டது. 1996-ல் விசாரணை கைவிடப்பட்டது. பிஜிபியின் வழிமுறை 1998-ல் ஓபன்பிஜிபி என்ற பொதுத் தரமானது. அதன் அண்மைப் பதிப்பு 2024-ல் வந்தது. தரம் பொதுவானது என்பதால் எந்த நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோஹ் 1990-களின் இறுதியில் எழுதத் தொடங்கிய ஜிஎன்யு பிரைவசி கார்ட் என்ற இலவச மென்பொருளும் இதே தரத்தில்தான் இயங்குகிறது.

எது மறையும், எது மறையாது?

முனைக்கு முனை பூட்டினாலும் உறையின் மேல்பக்கம் எல்லோருக்கும் தெரியும். யார், யாருக்கு, எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு பெரிய கடிதம் ஆகியவை சர்வர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. ஒரு செய்தியாளருக்கும் ஓர் அரசு ஊழியருக்கும் நடுவில் பதினைந்து நாளில் நாற்பது கடிதங்கள் போயிருக்கின்றன என்பதே சில சமயம் போதுமான துப்பு.

பொருள் வரியும் (சப்ஜெக்ட்) கவனிக்க வேண்டிய இடம். ஓபன்பிஜிபியின் பழைய வழக்கத்தில் அது பூட்டப்படுவதில்லை. ப்ரோட்டானிலும் முனைக்கு முனை மறையாக்கம் பொருள் வரிக்குக் கிடையாது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியும் டூட்டா என்ற மின்னஞ்சல் சேவையும் அதைப் பூட்டுகின்றன. உள்ளே இருப்பதைப் பாடுபட்டு மறைத்துவிட்டு, பொருள் வரியில் 'விவாகரத்து மனு நகல்' என்று எழுதினால் செய்த வேலையெல்லாம் வீண். 'ஆவணம்' என்று எழுதினால் போதும்.

கருவிக்குள்ளேயே ஆள் நுழைந்துவிட்டால் எந்த மறையாக்கமும் உதவாது. பீமா கோரேகான் வழக்கில் அர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-ல் ஓர் அறிக்கை அளித்தது. 2016 ஜூன் 13 அன்று கவிஞர் வரவர ராவின் கணக்கைப் பயன்படுத்தி யாரோ அனுப்பிய மின்னஞ்சல்களில் இருந்த ஒரு கோப்பை, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரோனா வில்சன் திறந்ததும், அவருடைய மடிக்கணினிக்குள் உளவு மென்பொருள் புகுந்தது என்கிறது அந்த அறிக்கை. அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமியின் கணினியிலும் இதே கதைதான் என்று 2022-ல் அதே நிறுவனம் சொன்னது. தெரிந்தவர் முகவரியிலிருந்து வந்த கடிதம் தெரிந்தவர் எழுதிய கடிதம் ஆகிவிடாது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், ஒப்பமில்லாமல் வரும் கடிதம் சந்தேகத்தைக் கிளப்பும். மறைப்பதைவிட இந்தப் பயன்தான் பலருக்கு அதிகம் தேவைப்படும் என்பது என் கருத்து.

கருவிகளை எப்படிப் பார்ப்பது?

தேர்வைத் தீர்மானிப்பதில் பாதி உங்கள் எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களைப் பின்னர் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன், 2012 டிசம்பரில் க்ளென் கிரீன்வால்ட் என்ற செய்தியாளருக்கு எழுதி, பிஜிபி வைத்துக்கொள்ளச் சொன்னார். படிப்படியான விளக்கமும் காணொளியும்கூட அனுப்பினார். கிரீன்வால்ட் அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டார். பிறகு ஸ்னோடன் மறையாக்கம் தெரிந்த ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ரஸைத் தேடிப் போனார். இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கசிவுகளில் ஒன்று, ஒரு மென்பொருளை நிறுவாததால் மாதக்கணக்கில் தாமதமானது.

1. இருவரும் ஒரே சேவையில் சேரத் தயார் என்றால் ப்ரோட்டான் அல்லது டூட்டா. நிறுவியதும் வேலை முடிந்தது, சாவி என்ற சொல்லே கண்ணில் படாது. ப்ரோட்டானில் தனிச் சாவி உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு அவர்கள் சர்வரில் இருக்கும். அதனால் கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால், மீட்புச் சொற்றொடரை எழுதி வைத்திருந்தால் ஒழியப் பழைய கடிதங்கள் திறக்காது. கணக்குத் தொடங்கிய அன்றே அந்தச் சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். ப்ரோட்டான் ஓபன்பிஜிபி தரத்தில் இயங்குவதால் வெளியில் உள்ள பிஜிபி பயனர்களோடும் பேசும், சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறவும் முடியும். ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள டூட்டா தன் சொந்த முறையைப் பயன்படுத்துகிறது. பொருள் வரியைப் பூட்டுவது அதன் பலம். பிஜிபியோடு பேசாதது, அவர்கள் செயலி அல்லாத எதிலும் திறக்காதது அதன் பலவீனம்.

2. இப்போதுள்ள முகவரியை விட முடியாது என்றால் தண்டர்பேர்ட். ஜிமெயில் கணக்கையே அதில் இணைக்கலாம். முன்பு எனிக்மெயில் என்ற துணைநிரல் தேவைப்பட்டது. 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பு முதல் ஓபன்பிஜிபி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கே-9 மெயில் அல்லது அதிலிருந்து உருவான தண்டர்பேர்ட் செயலியோடு ஓபன்கீசெயின் என்ற செயலியும் வேண்டும்.

3. அலுவலகம், நிறுவனம் என்றால் எஸ்/மைம் என்ற மின்னஞ்சல் மறையாக்கத் தரம். ஆடிட்டர் அலுவலகங்களில் வருமான வரித் தாக்கலுக்கும் டெண்டருக்கும் யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருக்கிறதே, அதே குடும்பம். சாவி இன்னாருடையது என்று உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் சொல்கிறது, நீங்கள் தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை. அவுட்லுக்கிலும் ஆப்பிள் மெயிலிலும் இது உள்ளேயே உண்டு. ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தனிச் சாவி ஊழியரின் டோக்கனில் இருக்கிறதா, சர்வரில் ஏற்றப்பட்டிருக்கிறதா? கூகுள் வொர்க்ஸ்பேஸ் நிர்வகிக்கும் எஸ்/மைம் வசதியில் சாவியைக் கூகுளிடமே ஏற்ற வேண்டும். அது மறுபடியும் இரண்டாம் நிலைக்கே வந்து நிற்கிறது.

4. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கோப்பு என்றால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். கோப்பை வலுவான கடவுச்சொல்லால் 7-ஸிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பூட்டி அனுப்பிவிட்டு, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள்.

மின்னஞ்சல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத பேச்சுக்குச் சிக்னல் என்ற செய்திச் செயலி மேலானது. சிக்னலில் சாவிகள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய சாவி கசிந்தாலும் போன வருடத்துச் செய்தி அதனால் திறக்காது. ஓபன்பிஜிபி மின்னஞ்சலில் வருடக்கணக்கில் ஒரே சாவி. அது ஒரு நாள் கசிந்தால் அதுவரை வந்த எல்லாக் கடிதங்களும் திறந்துவிடும்.

தண்டர்பேர்டில் முதல் கடிதம்

1. அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' பகுதிக்குப் போய் 'ஆட் கீ' அழுத்திப் புதிய ஓபன்பிஜிபி சாவியை உருவாக்குங்கள். தானாக மூன்று ஆண்டு ஆயுள் வைக்கும். அதை மாற்ற வேண்டாம்.

2. செட்டிங்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' வையுங்கள். இதைத் தவறவிட்டால், மடிக்கணினியைத் திறக்க முடிந்த எவரும் பூட்டிய கடிதங்களையும் படிக்கலாம்.

3. உங்கள் பொதுச் சாவியை இணைத்து, நீங்கள் எழுதப்போகிறவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அவரும் அப்படியே செய்யட்டும்.

4. கைரேகையைச் சரிபாருங்கள். சாவியின் கைரேகை என்பது 40 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை. நான்கு நான்காகப் பத்துக் கொத்தாகத் திரையில் தெரியும். தொலைபேசியில் அழைத்து, குரல் தெரிந்தவரிடம் பத்துக் கொத்தையும் வாசிக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இது. இதை விட்டால், நடுவில் ஒருவர் தன் சாவியை நண்பரின் சாவி என்று தள்ளிவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

5. எழுதும் சாளரத்தில் 'என்கிரிப்ட்' பொத்தானை அழுத்தி அனுப்புங்கள்.

பிறகு அதே கடிதத்தை உலாவியில் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். பொருள் வரியில் மூன்று புள்ளிகள். உள்ளே வாசகமே இல்லை, 'என்கிரிப்டட்' என்ற பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் 'பிகின் பிஜிபி மெசேஜ்' என்ற வரிக்குக் கீழே ஆங்கில எழுத்துகளும் எண்களும் தலைகால் புரியாமல் கலந்து கிடக்கும். சர்வருக்குத் தெரிவது அவ்வளவுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஜிமெயிலின் தேடல் அந்தக் கடிதத்துக்குள் எட்டாது.

சறுக்கும் இடங்கள்

1999-ல் ஆல்மா விட்டன், டக் டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் 12 பேரிடம் பிஜிபி கொடுத்து 90 நிமிடத்தில் ஒரு ரகசியச் செய்தியை அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரே சரியாகச் செய்து முடித்தார்கள். மூன்று பேர் பூட்டாமலேயே ரகசியத்தை அனுப்பிவிட்டார்கள். இன்றைய செயலிகள் எவ்வளவோ தேறியிருக்கின்றன, ஆனால் அந்தத் தவறு இன்னும் நடக்கிறது. பூட்டி வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும்போது பூட்டாமல் அனுப்பினால், கீழே மேற்கோளாகப் பழைய கடிதம் முழுதும் வெளியே போய்விடும்.

2018 மே மாதம் ஈஃபெயில் என்ற ஓட்டையை ஜெர்மானிய, பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூட்டிய கடிதத்தைச் சுற்றி இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் நிரலைச் செருகி, பெறுபவரின் செயலி அதைத் திறந்தவுடன் வாசகத்தைத் தங்கள் சர்வருக்கு வரவழைக்க அவர்களால் முடிந்தது. மறையாக்கத்தின் கணிதம் உடையவில்லை, படங்களை வெளியிலிருந்து தானாக இறக்கும் வசதிதான் வாசலைத் திறந்துவிட்டது. செயலிகள் திருத்தப்பட்டுவிட்டன. ஆனாலும் வெளிப் படங்களை இறக்கும் வசதியை அணைத்தே வைப்பது நல்லது.

பொதுச் சாவிகளைப் பதிந்து வைக்கும் பழைய சர்வர்களை நம்ப வேண்டாம். யார் பெயரிலும் எவரும் சாவி ஏற்றலாம் என்ற நிலை அங்கே இருந்தது. 2019-ல் சிலரின் சாவிகள்மீது பல்லாயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைக் கொட்டி அவற்றைப் பயன்படுத்த முடியாமல் செய்தார்கள். அதே ஆண்டு தொடங்கிய 'கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஓஆர்ஜி' முகவரியை மின்னஞ்சலால் உறுதி செய்த பிறகே சாவியோடு பெயரைக் காட்டுகிறது.

தடை வந்தால் என்ன ஆகும்?

இந்தியாவில் தனிமனிதர் மறையாக்கம் பயன்படுத்துவது குற்றமல்ல. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுக் கொள்கை, மறையாக்கம் செய்த செய்திகளின் மூல வாசகத்தை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி அதிகாரம் பெற்ற அமைப்பு கேட்கும்போது மறைநீக்கத்துக்கு உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சாவி நிறுவனத்திடம் இருந்தால் அந்தக் கேள்வி நிறுவனத்துக்குப் போகும், உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். சாவி உங்களிடம் இருந்தால் உங்களிடமே வர வேண்டும். முனைக்கு முனை மறையாக்கத்தின் உண்மையான சட்ட விளைவு இதுதான், இதைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

அதே சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் ஒரு தளத்தை முடக்கினால் அந்தச் சேவையில் உள்ள முகவரி கைவிட்டுப் போகும். தரம் முடங்காது. ப்ரோட்டானில் இருப்பவர் தன் சாவியை இன்றே இறக்கி வைத்திருந்தால், நாளை வேறு முகவரியில் தண்டர்பேர்டை வைத்து அதே சாவியோடு தொடரலாம். டூட்டாவில் இந்த வழி கிடையாது. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ப்ரோட்டானைச் சொல்வது இதற்காகத்தான்.

தண்டர்பேர்டிலும் சாவியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, கடவுச்சொல் வைத்து, இரண்டு பென்டிரைவில் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். வட்டு கெட்டுப்போய்ச் சாவியும் போனால், பத்தாண்டுக் கடிதங்கள் கண்முன்னே இருந்தும் திறக்காது, எந்த நிறுவனமும் மீட்டுத் தராது. மூன்று ஆண்டு முடிவதற்குள் அதே பகுதியில் காலாவதித் தேதியை நீட்டிக்கலாம். சாவி மாறாது, கைரேகையும் மாறாது. நீட்டித்த பொதுச் சாவியை மட்டும் உங்களோடு கடிதம் எழுதுபவர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும்.